இருட்டாத துகள்

“சார், மைக்ராஸ்கோப்புல இருக்குற பச்சைக் கண்ணாடியக் கழட்டிட்டு இன்னொரு தடவ பாருங்க.”

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், லீவு கேள், நாற்காலிக்கு மெத்தை கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று தட்டு அக்கா முதல் நாளே காதைத் திருகாத குறையாகச் சொல்லிவைத்திருந்தாள். மணல் துகள்களைக் கண்ணாடித் தட்டில் பசை போட்டு ஒட்டித் தருவது அக்காவின் வேலை. தலைமை ஆய்வாளர் ஒருமுறை பார்த்துச் சொன்னதை மறுபடி பார்க்கச் சொல்வது அந்த ஆய்வகத்தில் அவர் சட்டையைப் பிடிப்பதற்குச் சமம்.

அவர் நிமிரவில்லை. அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு மேசையில் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனா திறந்தே இருந்தது.

“காலைலயே பாத்துச் சொல்லிட்டேனேம்மா. அனடேஸ்.”

“அனடேஸ் இல்ல சார். புரூக்கைட்.”

வாசலில் தட்டுகளோடு நின்ற அக்கா “போச்சு” என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

அவளுக்குக் கண் எரிந்தது. ஆற்று மணலை நுண்ணோக்கியில் எண்ணி எண்ணி, கண்ணை மூடினாலும் துகள்தான் ஓடியது. கோபப்படக்கூடத் தெம்பில்லாத களைப்பு. இந்த ஒரு துகள் வந்துதான் அடியில் கிடந்த கோபத்தைக் கிளறிவிட்டது.

விஷயம் பெரிதொன்றுமில்லை. டைட்டேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்து ரூட்டைல் ஆகும், அனடேஸ் ஆகும், புரூக்கைட்டும் ஆகும். மூன்று கனிமங்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. சரக்கு ஒன்றுதான், அணுக்களின் அடுக்குதான் வேறு. முதல் இரண்டும் மணலில் அடிக்கடி அகப்படும். புரூக்கைட் அபூர்வம். மலைப்பாறை விரிசலில் வெந்நீர் ஏறி ஆறிய இடத்தில் மெல்லிய பழுப்புத் தகடாக விளையும். கடுஞ்சூட்டில் போட்டால் ரூட்டைலாகிவிடும்; அப்புறம் ஆறவைத்தாலும் பழையபடி ஆகாது.

அதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்து, நடுவில் துகளைச் சுழற்ற வேண்டும். தட்டையாகப் படுத்த அனடேஸ் எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே கிடக்கும். அதே மாதிரி படுத்த புரூக்கைட்டோ வெள்ளை ஒளியில் இருட்டவே இருட்டாது. மைநீலம் காட்டும், சேற்று மஞ்சள் காட்டும், அடம் பிடிக்கும். பச்சை ஒளியில் மட்டும் அதுவும் அனடேஸைப் போலவே இருண்டு, நல்ல பிள்ளையாகிவிடும்.

தலைமை ஆய்வாளருக்குக் கண் கூசும். எந்தக் காலத்திலோ நுண்ணோக்கி விளக்கின்மேல் ஒரு பச்சைக் கண்ணாடியைச் செருகினார். அவருக்குக் கூசியதால் எல்லோருக்கும் கூசியது. அத்தனை நுண்ணோக்கியிலும் பச்சை ஏறியது. அந்த வெளிச்சத்தில் எண்ணி எண்ணித்தான் அவர் அந்த வரைபடத்தைப் போட்டார். ஆறு இறங்கிவரும் மேல்மலையில் வெந்நீர் ஏறிய விரிசலே கிடையாது என்று அடித்துச் சொல்லும் வரைபடம், சட்டம் போட்டு அவர் தலைக்குமேல் தொங்கியது. போன வாரம் இவள் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றியவள், திரும்பச் செருகச் சோம்பல்பட்டு அப்படியே எண்ண உட்கார்ந்தாள். ஒரு துகள் இருட்ட மறுத்தது. அதுதான் வினை.

“மூணும் ஒரே சரக்குதானேம்மா? ஆலைக்குப் போனா எல்லாம் ஒரே வெள்ளை பெயிண்ட்டு.”

“பெயிண்ட்டு எனக்குத் தெரியும் சார். எங்கப்பா ஊர்ச் சுவருக்கெல்லாம் அதத்தான் அடிக்கிறாரு. நாம டப்பாவா எண்ணுறோம்? மணல் எங்கேருந்து வருதுன்னு சொல்லத்தானே எண்ணுறோம்.”

அக்கா அவசரமாக உள்ளே வந்தாள். “சின்னப் பொண்ணு சார், தூக்கக் கலக்கம்.” பிறகு இவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். “ஏண்டி, கையெழுத்துப் போடுற நேரத்துலயா ஒனக்கு ஆராய்ச்சி பொங்குது? ஒங்கப்பா மூஞ்சிய நெனச்சுப் பாரு.”

நினைக்காமலா? ஊராருக்கெல்லாம் வெள்ளையடிப்பவரின் சொந்த வீட்டுச் சுவர் வெறும் சிமெண்டாக நின்றது. “ஒன்ன நிரந்தரமாக்கட்டும், அன்னிக்கே நம்ம சுவத்துக்கு ரெண்டு கோட்டு” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இறங்கச் சொல்ல மனசில்லை, தூக்கத் தெம்பும் இல்லை.

“ஒரு தடவ பாத்துட்டு அனடேஸ்னு சொல்லுங்க சார். போதும்.”

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். பக்கத்து மேசை நுண்ணோக்கியில் துகள் தயாராக இருந்தது. பச்சைக் கண்ணாடியை உருவி வைத்துவிட்டுக் குனிந்தார். சுழற்றினார். கை நின்றது. மறுபடி சுழற்றினார்.

“நீலமா இருக்கா சார்?”

இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

“மஞ்சளாகுது” என்றார். அவரை அறியாமல் வந்த குரல் அது, பரீட்சைக்குப் படிக்கும் பையனின் குரல்.

அப்புறம் மெதுவாக நிமிர்ந்தார். தலைக்குமேல் தொங்கிய வரைபடத்தைப் பார்க்காமலேயே பச்சைக் கண்ணாடியைத் தடவி எடுத்து, பழைய இடத்தில் செருகினார்.

“கண்ணு கூசுது. அனடேஸ்னே போட்டுடு. ஒத்தத் துகள்தானே.”

“பழைய தட்டுங்களையெல்லாம் எடுத்துப் பாத்தா ஒத்தையா இருக்காது சார்.”

“அதனாலதாம்மா சொல்றேன்.” பேனாவை எடுத்தார். “நீ போடு, நானும் போடுறேன்.”

அவர் பார்க்கவே மாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தெரியாமல் தப்புப் பண்ணியவர் என்றால் பாவம் என்று விட்டிருக்கலாம். பார்த்த பிறகும் பூசி மெழுகுகிற ஆளை என்ன செய்வது? கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். கத்தக்கூட அலுப்பாக இருந்தது.

“நான் போட மாட்டேன் சார். மஞ்சள்னு நீங்களே சொன்னீங்க.”

மாடத்தில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அக்கா நடைவழியில் ஓடிவந்து பையைப் பிடித்து இழுத்தாள். பையின் வாய் திறந்துகொண்டது. உள்ளே டம்ளர், நாற்காலியில் விரிக்கும் துண்டு, ஆய்வகத்துக்குள் போடும் செருப்பு.

“டம்ளரக் காணோமேன்னு காலைல கேட்டப்போ, தேய்க்க எடுத்துட்டுப் போறேன்னியேடி!”

“பொய்தான்க்கா.”

“போறதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் எதுக்கு அவருகிட்ட வாயக் குடுத்த?”

“அனடேஸ்னு போடக்கூடாதுன்னுதான் முடிவு பண்ணேன். அவரு ஒத்துக்கிட்டிருந்தா டம்ளரத் திரும்ப வெச்சிருப்பேன்.”

“ஒங்கப்பாகிட்ட என்னடி சொல்லுவ?”

“சுவரு இன்னும் கொஞ்ச நாள் சிமெண்டாவே இருக்கட்டும்னு சொல்றேன்.”

அக்காவின் விரல்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வாசலைத் தாண்டினாள். வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது. கண் கூசியது. கூசினால் கூசட்டும் என்று நடந்தாள்.