குடும்பச் சந்தா

நீச்சல் குளத்தின் வரவேற்பு மேசையில் அவள் வந்து உட்காரும்போதே அலுப்பும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். காலையில் ஒரு கம்பெனி மேலாளர் தன் ஆட்களை மொத்தமாகச் சேர்க்க வந்து, பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே தெரியாமல் அவள் உயிரை எடுத்திருந்தார். குளோரின் நெடியில் தலை விண்விண்ணென்று தெறித்தது.

மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நடுவில் நீச்சல் பையோடு மகள்.

"என் குடும்பச் சந்தாவுல பொண்ணைச் சேர்த்துடுங்க" என்றார் அவர்.

"அவ என்கூடத்தான் இருக்கா. என் பேர்ல போடுங்க" என்றாள் மனைவி.

பிரிந்து வாழ்கிறவர்கள் என்று புரிந்தது. "ஒருத்தர் ஒரு குடும்பக் குழுவுலதான் இருக்க முடியும் மேடம். ரெண்டுல போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

அவ்வளவுதான். யார் கொண்டுவிட மறந்தது, யார் பள்ளிக்கூடத்துக்கு வராமல் விட்டது என்று பழைய குப்பையெல்லாம் மேசைமேல் வந்து விழுந்தது.

"நான் மட்டும் தனியா சேரலாமா அக்கா?" என்றாள் மகள்.

"பதினெட்டு வயசு ஆகணும் கண்ணு."

பஞ்சாயத்து பண்ண அவளுக்குத் தெம்பில்லை. "ஒரே குழுவுல அஞ்சு பேர் இருக்கலாம் சார். ஒரே வீட்டுல இருக்கீங்களான்னு இங்க யாரும் கேக்கப்போறதில்ல. தலைவர்னு ஒருத்தர் வேணும், அவ்ளோதான்."

"இவர் தலைவரா? நடக்காது!"

"இவளுக்குக் கீழயா? ஆளை விடுங்க!"

மகள் போனை எடுத்தாள். "அத்தை, கொஞ்சம் வர்றியா? ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டாங்க."

பக்கத்துத் தெரு ஆபீஸிலிருந்து அத்தை மூச்சு வாங்க வந்தாள். அவருடைய தங்கை. "அண்ணா, வாயை மூடு. அண்ணி, நீங்களும்தான். என் பேரைத் தலைவரா போடும்மா."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றார்கள்.

ஒவ்வொருவரும் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டு அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். மனைவியின் முறை வந்தது.

"அண்ணி" என்றாள் அத்தை.

"இன்னும் அண்ணிதானா?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"பின்ன?"

உறுப்பினர் அட்டை கைக்கு வந்ததும் மகள் குளத்துக்கு ஓடிவிட்டாள். கணவனும் மனைவியும் தனித்தனியாக வெளியேறினார்கள். அத்தை மட்டும் நாற்காலியில் சரிந்து, தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு நீச்சலே தெரியாதும்மா."

"எனக்கும்தான் மேடம்" என்றாள் அவள்.