சாமுராய் விடைபெறும் காட்சி

ஜப்பானிய சாமுராய் நாடகம் ஒன்றுக்குத் திரைக்கு அடியில் ஓடும் தமிழ் வசன வரி எழுதும் வேலை தன் தலையில் விழுந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் நடந்ததை அப்படியே படம்பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு வெட்டு வெட்டுவதற்குள் நாலு தரம் முறைத்துக்கொள்கிறார்கள். கத்தி மேலே படவே இல்லை, ஆள் விழுந்துவிடுகிறான்.

"இதைப் பார்க்கிற நேரத்துல வீட்டுல பாத்திரமாவது தேய்க்கலாம்," என்றாள் பக்கத்து மேசைக்காரியிடம்.

அந்த வாய்க்கொழுப்பெல்லாம் பனிக்காட்சி வரும் வரைக்கும்தான். மேலிருந்து காகிதப் பனி கொட்டுகிறது. பார்வையாளர்களுக்கு நடுவே போட்ட மரப்பாதையில் சாமுராய் நடந்து வெளியேற வேண்டும். போனால் சாவுதான் என்று அவனுக்கும் தெரியும், வாசலில் நிற்கும் மனைவிக்கும் தெரியும். கேமரா அவன் முகத்துக்குக் கிட்டே போனது. அரிதாரத்தைக் கீறிக்கொண்டு வியர்வை இறங்கியது. இமையில் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தும் அவன் கண்ணைச் சிமிட்டவில்லை. கடைசி வரிசையில் யாரோ இருமியதுகூடக் கேட்டது. எல்லாம் பொய் என்று பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நிஜப் பனியாக இருந்திருந்தால் அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். அந்த மனுஷன் போகக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

கையிலிருந்த ஆங்கிலப் பிரதியைப் பார்த்து, 'போகிறேன்', 'போங்கள்' என்று எழுதி அனுப்பினாள்.

வரிகளைத் திருத்துகிறவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கத்தரி. ஜப்பானிய மொழி தெரிந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, வீட்டை விட்டுக் கிளம்புறப்ப 'போறேன்'னு சொல்லுவமா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் சார் இருக்கு."

"இங்கிலீஷுக்கு அது போதும். ஜப்பான்காரங்க நம்மள மாதிரி. அவன் சொல்றது 'போயிட்டு வரேன்'. அவ சொல்றது 'போயிட்டு வாங்க'. சாகப் போறவன் சொல்றாம்மா, அதான் சீனே."

அவளுக்குச் சுருக்கென்றது. வரியை மாற்ற விரல் எழவில்லை.

அவள் கணவன் வேறொரு ஊரில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். வேலையை விட்டுவிட்டு நீயும் வா என்றான், மாட்டேன் என்றாள். அந்தச் சண்டையோடு பெட்டியைத் தூக்கியவன், "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பின் இருவரும் பேசவில்லை. அந்தச் சொல்லை மாதக்கணக்காக மென்றுகொண்டிருக்கிறாள். போகிறவர் போகட்டும் என்று வெளியே வீறாப்பு. அவன் பக்கத்துத் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

செத்துப்போகிறவனுக்கு வந்த வார்த்தை தன் புருஷனுக்கு வரவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. அவன் வேண்டும்போலவும் இருந்தது. படிக்கட்டுக்குப் போய் போன் போட்டாள்.

"என்ன, உடம்புக்கு ஏதாவதா?" பதறினான்.

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு 'போயிட்டு வரேன்'னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

அந்தப் பக்கம் துறைமுகத்தில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

"சொன்னேனே," என்றான் மெதுவாக. "முதல்ல அதைத்தான் சொன்னேன். நீ திரும்பவே இல்ல. 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவன்னு செருப்பை மாட்டிக்கிட்டு நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம்தான் 'போறேன்'னு சொன்னேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வாங்க," என்றாள்.

"சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் சொன்னாள்.