குப்பி என் கையில்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. ஆனால் மிதிக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை என்பது என் கட்சி. தொட்டதற்கெல்லாம் மிதித்தால் கற்றுக்கொள்பவன் எந்தக் காலத்திலும் ஓட்டப் பழகமாட்டான். இது என் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

குடலில் பாதியை வெட்டி எடுத்த பிறகு, சாப்பிடுவது எதுவும் என் உடம்பில் ஒட்டவில்லை. அதற்காகத் தினமும் ஒரு ஊசி. உறையவைத்து உலர்த்திய பெப்டைடு என்ற புரத வகை மருந்து, குப்பியின் அடியில் வெள்ளைப் பொடியாக ஒட்டிக்கிடக்கும். போடும் முன் அதற்கான தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். வீட்டிலேயே நான் செய்துகொள்ள முடியும் என்று நர்ஸ் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டால் வேலைக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் தினமும் காலையில் ஆஸ்பத்திரி வரிசை. காலை வகுப்புகள் போனால் வேலையும் போய்விடும். ஆப்பரேஷனுக்குப் பிறகு என் கை வேறு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வந்த அன்று நாத்தனாரும் வந்திருந்தார். என் கணவரின் அக்கா. எதிலாவது குறுக்குசால் ஓட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"நடுங்கற கைய வச்சுக்கிட்டு நீ எதுக்கு? கொடு, நான் பண்றேன்" என்று குப்பியைப் பிடுங்கிக்கொண்டார். தண்ணீரைச் சர்ரென்று உள்ளே பீய்ச்சினார். "மெதுவா" என்று நர்ஸ் வாய் திறப்பதற்குள், இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் குலுக்கியும்விட்டார். அந்தக் குடும்பத்தில் மருந்து என்றால் குலுக்கியாக வேண்டும். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைக்கூட விட்டுவைத்ததில்லை. குப்பி முழுக்க நுரை.

"இது ஆகாதுங்க. குலுக்கினா மருந்து கெட்டுப்போயிடும். வேற எடுங்க" என்றார் நர்ஸ். பெட்டியில் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

"அக்காவே இன்னொரு தடவ பாத்துப் பண்ணட்டும்" என்றார் என் கணவர்.

கெடுத்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு, எனக்கு முதல் வாய்ப்பே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரும் பண்ண வேணாம். நகருங்க" என்றேன்.

கையைக் கழுவினேன். ரப்பர் மூடியைத் துடைத்தேன். ஊசி முனை ரப்பரைத் தேடி அலைந்தது. நாத்தனார் உச்சுக் கொட்டினார். முழங்கைகளை மேஜையில் ஊன்றியதும் கை அடங்கியது. தண்ணீரைக் கண்ணாடியின் ஓரமாக வழியவிட்டேன். பிறகு குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டினேன். ஒரு துணுக்கு மட்டும் கரையாமல் நின்றது.

"லேசா ஒரு தட்டு தட்டேன்" என்றார் கணவர்.

"ஒரே ஒரு குலுக்கு" என்றார் நாத்தனார்.

பயமாகத்தான் இருந்தது. இதுவும் கெட்டால் என் பிழைப்பு அதோடு சரி. ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் ஹாரன் அடிப்பவன் அடித்துக்கொண்டேதான் இருப்பான். அதற்காக வண்டியை எடுக்க முடியுமா?

"ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று குப்பியை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். சில நிமிடங்களில் துணுக்கு தானாகவே கரைந்தது. நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். நானே மருந்தை உறிஞ்சித் தொடையில் போட்டுக்கொண்டேன்.

"இனிமே வீட்ல இதச் செய்யப்போறது யாரு?" என்று கேட்டார் நர்ஸ்.

"நாங்க எல்லாரும் சேந்து..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"நான்தான். அந்த நேரத்துல இவங்க ரெண்டு பேரும் வெளிய இருப்பாங்க."

"கை நடுங்குதேம்மா" என்றார் நாத்தனார். இந்த முறை அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது.

"நடுங்கட்டும்க்கா. உடம்பு என்னோடது."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, நீங்களே பண்ணுங்க" என்றார். அவர் படி இறங்குவதற்குள் பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலை வகுப்ப யாருக்கும் மாத்திவிடாதீங்க" என்றேன். "நான் வரேன்."