இருபத்தேழாம் நம்பர் பனியன்

கஜேந்திரன் இறந்த பதினாறாம் நாள், தான் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட ஒரு சினிமாப் படத்துக்குள் ஓடினார். நடிகர் ரத்னபிரபு பாலைவனத்தில் பாடிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் இருபத்தேழாம் நம்பர் பனியனோடு, வெறுங்காலோடு, முதுகைக் காட்டியபடி மணல்மேட்டில் ஏறி மறைந்தார். கருமாதிக்கு வந்து தேயிலைத் தோட்டத்து லயவரிசையில் அவருடைய ஒற்றையறைக் காம்பராவில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள். பக்கத்துக் காம்பரா வேலாயிதான் முதலில் வாய் திறந்தாள்: "பூரணி, ஒன் வீட்டுக்காரரப் பாரு. அங்க போயும் செருப்புப் போடல."

கந்தப்பளையிலிருந்து நுவரெலியா வரை நடக்கும் சித்திரைப் புத்தாண்டு ஓட்டத்தில் மூன்று முறை முதலாவதாக வந்தவர் அவர். மற்ற நாட்களில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார். இறந்த அன்று விடியலில் அந்தப் பனியனோடு ஓடப் புறப்பட்டபோது பூரணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாரேன்" என்ற குரலுக்கு "ம்" என்றாள். அவள் திரும்பியபோது அவர் முதுகுதான் தெரிந்தது. மூன்றாம் மைல் வளைவில் அவர் நெஞ்சு நின்றுவிட்டது. பெட்டிக்குள் கிடந்ததை அவர் முகமென்று பூரணி ஒப்புக்கொள்ளவில்லை. அதே காலையில் சென்னையில் ரத்னபிரபுவும் இறந்தார். சாவுக்குத் தப்பு அடிக்கும் ஆண்டியப்பனையும் அவர் ஆட்களையும் ரசிகர் மன்றத்தார் டவுன் ஊர்வலத்துக்குக் கூட்டிப் போய்விட்டதால், கஜேந்திரனின் பெட்டி சத்தமில்லாமல் மலை ஏறியது. பத்திரிகையில் நடிகருக்கு நான்கு பக்கம். ஓட்டக்காரருக்கு ஒரு வரி இல்லை. பூரணி ஆண்டியப்பனை முச்சந்தியில் வைத்து ஏசினாள். நடிகரின் பெயரை அதன் பிறகு வாயால் சொல்லவில்லை.

ஆனாலும் வருஷா வருஷம் அந்தத் தேதியில் சேனல் போடும் நினைவுப் படத்தை அவள் தவறவிட்டதில்லை. எந்தப் படமானாலும் கஜேந்திரன் ஒரு தடவை ஓடுவார்: கோர்ட்டு வராந்தாவில், சண்டை நடக்கும் கூரை மேல், கலியாணப் பந்தல் ஓரமாக. எப்போதும் முதுகுதான். அதே படத்தைப் போனில் போட்டால் வரமாட்டார். மழையில் லீக்ஸ் பயிர் அழுகிய வருஷமும் வந்தார், பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷமும் வந்தார். ஒரே ஒரு தடவை திரும்பிவிட்டால் போதும் என்றிருந்தது பூரணிக்கு. ஏழாம் வருஷம் அவர் மெலிந்து தெரிந்தார். எட்டாம் வருஷம் வெறும் மூடுபனி. அதில் ஓர் இருபத்தேழு. ரசிகர் மன்றத்தார் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகளுக்கு நடிகரின் பெயரே தெரியாது. ஊர் அந்த ஆளை மறக்க மறக்கத் தன் ஆளும் கரைகிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

ஒன்பதாம் வருஷம், தேதிக்கு முந்திய நாள், ஆண்டியப்பன் வாசலில் போய் நின்றாள்.

"நாளைக்குப் பெரட்டுக் களத்துல தப்பு அடிக்கணும்ண்ணே."

"யாருக்கு?"

"ரத்னபிரபுவுக்கு."

ஆண்டியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தாளுக்கு அடிச்சதுக்குத்தான தங்கச்சி என்னய நாயி பேயின்னு ஏசுன?"

"ஏசுனேன். அவரு பேரு அழிஞ்சா எங்க வீட்டுக்காரரும் அழிஞ்சிருவாரு. அடிங்கண்ணே."

காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் ஏழு தப்பு முழங்கியது. கொழுந்தெடுக்கப் புறப்பட்டவர்கள் நின்றார்கள். வயசானவர்களுக்குப் பழைய பாட்டு ஞாபகம் வந்தது, பிள்ளைகள் யார் அந்த ஆளென்று கேட்டார்கள். மாலைக்குள் மூன்று லயங்களும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தன. டிவியில் அதே பாலைவனப் படம். கஜேந்திரன் முழு ஆளாக வந்தார். மணல்மேட்டில் பாதி ஏறியவர் நின்று, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். ரத்னபிரபு பாட்டை நிறுத்தி, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். கஜேந்திரன் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, காம்பராப் பக்கம் திரும்பி, "போயிட்டு வாரேன்" என்றார்.

"பாத்துப் போங்க," என்றாள் பூரணி, அவர் முகத்தைப் பார்த்து.

விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. இப்போது கந்தப்பளைப் பக்கத்துக் கலியாண வீடுகளில் அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒருவர் முகம் துடைக்கிற நேரம் நிறுத்திவிட்டுத்தான் பாடுகிறார்கள். மேளக்காரரும் கையைத் தூக்கிக் காத்திருப்பார்.