அலமாரிக்குப் பின்னால் ஈரம்

அலமாரிக்குப் பின்னால் சுவர் அன்று காலையும் நனைந்திருந்தது. கிரிஜா பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாள். பகலில் பாதி உலரும். மறுநாள் விடிந்தால், யாரோ ஈரக் கையால் தடவிவிட்டுப் போனதுபோல் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மறுபடியும் ஈரம். கூரை ஒழுகுகிறதா என்றால் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அந்தக் குளிர்காலம் மழையே இல்லை. உலர்ந்த உறைபனிதான். சுவருக்குள் குழாய் எதுவும் போகவில்லை என்று குழாய்க்காரர் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் ஈரம் வந்த இடத்தில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் பூத்திருந்தன. அவற்றைத் துடைத்தால் ஊறிப்போன பழைய செய்தித்தாளின் வாடை வந்தது. அந்த வாடை எழும்போதெல்லாம் கிரிஜாவுக்கு இருமல் தொடங்கும்.

வீட்டுக்காரி ஃப்ரௌ கெஸ்லர் ஒருநாள் மூச்சிரைக்க மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து சுவரைப் பார்த்தாள். "உங்கள் ஊரில் செய்வதுபோல அறைக்குள் நின்று தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று கிரிஜா சொன்னதை அவள் நம்பவில்லை. அறைக்குள் கட்டியிருந்த கொடியில் தொங்கிய புடவையை மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். தோட்டத்துக் கொடியில் அவ்வளவு நீளத் துணியைக் காயப்போடக் கூடாது என்று வந்த முதல் மாதமே தடை போட்டிருந்தவள் அவள்தான்.

கிரிஜாவின் கணவன் சேஷாத்ரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீராவிச் சுழலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். தண்ணீர் வழியும் பாதையைக் கண்டுபிடிக்க, சுவரின் மேல்பகுதி முழுதும் சாக்பீஸ் பொடியைத் தடவிவைத்தான். காலையில் கீழே ஈரம் இருந்தது. மேலே பொடி கலையாமல் அப்படியே இருந்தது.

"மேலேர்ந்து வரலை. பூமிக்குள்ளேர்ந்து செங்கல் வழியா ஏறி வரது," என்றான்.

"மூணாவது மாடிக்கா?"

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். அதற்குப் பிறகு சுவரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான்.

கிரிஜா கும்பகோணத்தில் வேதியியல் படித்தவள். இங்கே வந்து இரண்டு வருடம் சாம்பாரும் ரசமும் வைத்தபின், ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. ஏப்ரலில் சேர வேண்டும். அதற்கு முன், பிப்ரவரியில், உடல் தகுதிப் பரிசோதனை. நெஞ்சில் கோளாறு உள்ளவர்களை அங்கே சேர்ப்பதில்லை. சேஷாத்ரியும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தான்: "இந்த இருமலோட இங்க இன்னொரு குளிர்காலம் வேண்டாம். பிப்ரவரிக்குள்ள நிக்கலைன்னா நீ ஊருக்குப் போயிடு." அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஓடாத இயந்திரத்தைக் கழற்றி வைப்பதைப் பற்றிப் பேசுகிறவன்போல் சொன்னான்.

அந்தப் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னவள் முதல் மாடியில் குடியிருந்த மெய் லான். அதே மருத்துவமனையில் செவிலி. மலேசியாவில் ஈப்போக்காரி. அவள் அப்பா அங்கே சீன மருந்துக்கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னால் தமிழ் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பு. அந்தப் பிள்ளைகளோடு ஆடித் திரிந்து கற்ற தமிழை அவள் இன்னும் மறக்கவில்லை. "ஏய், சாப்ட்டாச்சா லா?" என்று படிக்கட்டில் ஒரு சீன முகம் முதல் தடவை கேட்டபோது கிரிஜா துணிக் கூடையை நழுவவிட்டாள்.

"நோய் வந்தப்புறம் கடைக்கு வர்றவங்க நின்னுக்கிட்டே மருந்து வாங்கிட்டுப் போவாங்க. வர்றதுக்கு முன்னாடி வர்றவங்களுக்குத்தான் எங்கப்பா நாற்காலி போடுவாரு," என்றாள் மெய் லான். அவள் சொன்ன முறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. கிரிஜாவுக்குப் பிடித்ததும் அதுதான். காற்று பிடரி வழியாக உடம்புக்குள் நுழையும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. அதனால் வெளியே போகும்போது பிடரியை மூடு. குளிர் பாதத்தின் வழியாக ஏறும். அதனால் படுக்கப்போகுமுன் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில், நெற்றியில் லேசாக வேர்க்கும்வரை கால்களை வை. முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, எலும்புக்கு வெளிப்புறம், கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் இடம் மட்டும் தனியாகக் கடுக்கும். அங்கே தினமும் அழுத்து, வயிறும் வலுவும் சேர்ந்து நிற்கும். பச்சைத் தண்ணீர் குடிக்காதே. களைத்துப்போன பிறகு தூங்கப் போகாதே, களைக்கும் முன்னே போ.

கிரிஜா எல்லாவற்றையும் செய்தாள். அடுப்பில் கெட்டில் எப்போதும் கொதித்தது. மாலையில் படுக்கையறையில் வாளியிலிருந்து இஞ்சி வாசனையோடு ஆவி எழுந்தது. தூக்கம் நன்றாக வந்தது. பாதம் ஜில்லிடுவது நின்றது. இருமல் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

சேஷாத்ரிக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. "முழங்காலை அமுக்கினா மூச்சு சரியாயிடுமா? அங்கேயா லங்ஸ் இருக்கு?" என்று கேலி செய்தான். ஆனால் காற்றைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினான். "சீனாக்காரா சொல்றதுல இது ஒண்ணுதான் சயின்ஸ். டிராஃப்ட் வரக் கூடாது." மைதா மாவில் தானே பசை காய்ச்சி, செய்தித்தாளை நீளநீளமாகக் கிழித்து, இரண்டு அறைகளின் ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டினான். காகிதத்தின் மேல் காகிதம், மூன்று அடுக்கு. ஊரில் கொலுவுக்குத் தோரணம் ஒட்டிய கை, ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டியது. மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னலோரம் காட்டினான். சுடர் அசையவில்லை. அன்று அவன் சந்தோஷமாக இருந்தான்.

பிப்ரவரியில் மருத்துவர் கிரிஜாவின் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சுக்குழாயில் விசில் சத்தம் இருக்கிறது, இந்த வருடம் பரிந்துரைக்க முடியாது என்றார். அவள் கழுத்துத் துணியை மறுபடி கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த வாரமே சேஷாத்ரி விமான டிக்கெட் எடுத்தான்.

டிக்கெட் வந்த நாள் மாலையில் அவள் குழம்பு கொதிக்கவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். சேஷாத்ரி வெளியிலிருந்து உள்ளே வந்தான். வந்த கணமே அவன் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பூத்து, ஒரு துளி உருண்டு கன்னத்தில் விழுந்தது. தினமும் நடப்பதுதான். தினமும்போல் திட்டிக்கொண்டே துடைத்தான். கிரிஜா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். அதற்குள் எந்தக் குழாயும் போகவில்லை. எந்தக் கூரையும் அதன்மேல் ஒழுகவில்லை. வெளியே குளிர்ந்துவிட்டு வந்தது, உள்ளே இருந்த காற்று அதன்மேல் தண்ணீரை வைத்தது. சூடான காற்று நிறைய நீரைச் சுமக்கும், குளிர்ந்ததைத் தொட்டால் சுமையைப் போட்டுவிடும். கெட்டில், குழம்பு, புடவை, இஞ்சி வாளி, இரவெல்லாம் இரண்டு பேரின் மூச்சு. இத்தனையும் வெளியே போக வழியில்லாமல் அறையைச் சுற்றி, வெப்பம் எட்டாத ஒரே இடத்தைத் தேடிப் போய் இறங்கியது. வடக்குச் சுவர், அலமாரியின் பின்புறம்.

மறுநாள் அவன் கிளம்பியதும் அவள் அலமாரியைச் சுவரைவிட்டு நகர்த்திவிட்டு, ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கத்தியால் சுரண்டினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, நகம் உடைந்தது. இரண்டு பக்கத்து ஜன்னலும் திறந்துகொண்டபோது குளிர்காற்று வீட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து போயிற்று. பிடரியில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் நடுவில் நின்றாள்.

மெய் லானிடம் சொன்னபோது அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜன்னலுக்கு பிளாஸ்திரி போட்டாரா உங்க வீட்டுக்காரரு? நான் கழுத்தை மூடத்தானே சொன்னேன்! வீட்டுக்கும் கழுத்து இருக்கா லா?" பிறகு கிரிஜாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஒரு தடவை மேல வந்து பார்த்திருக்கணும். அவருக்கு நான் வர்றது பிடிக்காதுன்னுதான்..." என்று இழுத்தாள். போகும்போது, அப்பா கடையில் மூலிகை மூட்டைகளைச் சுவரை ஒட்டி வைக்கவே விடமாட்டார், பூஞ்சை பிடிக்கும் என்றாள்.

மார்ச் பிறந்தபோது வெளியே உறைபனி அப்படியே இருந்தது. சுவர் காய்ந்திருந்தது. கிரிஜா இருமாமல் தூங்கினாள்.

"ஏன்னா, இங்க தொட்டுப் பாருங்கோ."

சேஷாத்ரி தொட்டான். அவள் மூக்குக்கண்ணாடியிலிருந்து தொடங்கிச் சொன்னாள். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் புரிந்துகொண்ட வேகம்தான் அவளுக்கு வலித்தது. அவன் பகலெல்லாம் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த விஷயம் இது.

"கண்டென்சேஷன்," என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "முன்னாடியே யோசிச்சிருந்தா சொல்லியிருக்கலாமே நீ?"

"இருமல் நின்னுடுத்து. மறுபடி செக்கப்புக்குக் கேட்டுப் பார்க்கறேன்."

"அந்த இடத்தை வேற யாருக்கோ குடுத்துட்டா. நீதானே சொன்னே? என் லேப்ல இருக்கற பாஸ்கரனும் தன் ரூமைக் காலி பண்ணிட்டு இங்க என்னோட தங்க வரார். அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. இப்போ போய் மாத்தினா நன்னாவா இருக்கும்?"

"எனக்கு நன்னா இருக்கும்."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு அவன் அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளப் போனான். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

பாஸ்கரன் சேஷாத்ரியின் ஆய்வகத்தில் வேலை செய்பவர், மதுரைக்காரர், கிரிஜாவைவிட வயதில் பெரியவர். ஆனாலும் "மாமி" என்றுதான் கூப்பிட்டார். அவள் கிளம்புவதற்கு முந்தைய நாள் டிரங்குப் பெட்டியோடு வந்து, கதவருகே கூச்சமாக நின்றார். சேஷாத்ரி கீழே ஃப்ரௌ கெஸ்லரிடம் சாவி கேட்கப் போயிருந்தான்.

"உங்களுக்கு டிஸ்டர்பன்ஸ், மாமி. நீங்க போனப்புறமே வந்திருப்பேன். சார்தான் இன்னைக்கே வரச் சொன்னாரு."

"பரவாயில்லை. உள்ள வாங்கோ. நெஞ்சுச் சளி கிளி உண்டா உங்களுக்கு?"

"குளிர்ல கொஞ்சம் வரும். ஏன் மாமி?"

கிரிஜா புடவைகளை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரை வடக்குச் சுவரருகே அழைத்துப் போனாள். கரும்புள்ளிகளைத் தேய்த்துக் கழுவிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பாஸ்கரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எழுதற அளவுக்கு ஒண்ணுமில்லை," என்றாள். "அலமாரி சுவத்தை விட்டு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சமைக்கறச்சே இந்த நடுக்கதவைச் சாத்திக்கோங்கோ. ஈரத்துணியைப் படுக்கற ரூம்ல போடாதீங்கோ. காலம்பற எழுந்ததும், ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடியும், ரெண்டு பக்கத்து ஜன்னலையும் ஒரே சமயத்துல அகலத் திறந்துடுங்கோ. கழுத்தைச் சுத்தி மஃப்ளர் கட்டிண்டு, ஒரு காபி குடிக்கற நேரம் அப்படியே விடுங்கோ. அப்புறம் சாத்திடலாம். சுவர் நனையாது."