கம்பு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவானுக்கு இந்த ஊர் நகரசபையைத் தெரியாது. தெரிந்திருந்தால், கட்டுவது கிடக்கட்டும், முதலில் கட்டட்டுமா என்று கேட்டுப் பார் என்று சொல்லியிருப்பான். நர்ஸ் கேட்டுப் பார்த்தாள். கேட்ட பாவத்துக்கு ஒரு தெருவே அவள் மேல் பாய்ந்தது.

பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், ஒரு ஆஸ்பத்திரி. அவள் பகலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் சைக்கிளில் வீடு வீடாகப் போவாள். ஒருவருக்கு இன்சுலின் ஊசி, இன்னொருவருக்குக் கட்டு மாற்றுவது, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒரு அம்மாவைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைப்பது. அவள் புருஷன் கொத்தனார். ஊரில் புதிதாக எழும்பிய மாடிகளில் பாதி அவன் கை பட்டு எழும்பியவை. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவனும், ஊருக்கெல்லாம் கட்டுப் போட்டவளும், பள்ளிக்கூடம் போகிற ஒரே மகளும் குடியிருந்தது டயர்கடைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில். சோற்றில்கூட ரப்பர் வாசனை அடிக்கும்.

அதற்கும் வந்தது வினை. டயர்கடைக்காரர் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. சனி ஞாயிறுக்கு வெளியூர்லேர்ந்து வந்து தங்குறவங்களுக்கு ரூமை விடலாம்னு பாக்குறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கங்க."

"எங்கண்ணே பாக்குறது?" என்றாள் நர்ஸ்.

அவர் மறுபடியும் தலையைச் சொறிந்துகொண்டே கடைக்குள் போய்விட்டார். ஊரில் வீடே இல்லையா என்றால், இருக்கிறது. ஏரிக்கரைத் தெரு முழுக்க வீடுதான். எல்லாம் பூட்டிய வீடு. சொந்தக்காரர்கள் பட்டணத்தில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து ஜன்னலைத் திறந்து, தூசியைத் தட்டி, ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் அங்கே குடியிருப்பது பல்லிதான். பல்லியிடம் யாரும் வாடகை கேட்பதில்லை, மாசக் கடைசிக்குள் காலி செய் என்றும் சொல்வதில்லை.

கொத்தனாரின் அக்காதான் வழி சொன்னாள். கடைத்தெருவுக்கு அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருப்பவள், கழுத்தில் அளவு டேப்போடுதான் தூங்குவாள் என்று தம்பி கேலி செய்வான். கடைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு காலி மனை இருந்தது. உடைந்த மிஷினும் சாக்கு மூட்டையும் போட்டு வைத்திருந்தாள்.

"சும்மா கிடக்குற இடந்தானே. மேலயும் கீழயுமா ரெண்டு சின்ன வீடு போடுங்க. கீழ நீங்க இருங்க. மேல ஆஸ்பத்திரிக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க இருக்கட்டும். பாவம், போன தடவை வந்ததுங்க ரூம் கிடைக்காம அழுதுகிட்டே திரும்பிப் போச்சுங்களே."

"நிஜமாவா அண்ணி?" என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து சமையலும் படுக்கையும் ஒரே அறையில். கதவைத் திறந்தால் இன்னொரு அறை வரும் என்பதே அவளுக்கு ஒரு கனவு.

இங்கேதான் இந்த ஊரின் அருமையான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யார் வீடு கட்டுவதாக இருந்தாலும், கட்டப்போகிற உயரத்துக்கு மூலைக்கு மூலை கம்பு நட்டு, சுவர் வரும் இடத்திலும் கூரை வரும் இடத்திலும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். வாசல் வரும் இடத்தில் மட்டும் கயிறு கிடையாது. அது கொஞ்ச காலம் அப்படியே நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் நகரசபையில் சொல்லலாம். ஊரில் அதற்குக் கம்பு வீடு என்று பெயர். நல்ல எண்ணத்தில் யாரோ கொண்டுவந்த வழக்கம்தான். கத்தியையும் காய் நறுக்கத்தான் செய்தார்கள்.

கொத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கம்பு நட்டான். மற்றவர் வீட்டுக்கு ஒரு தடவை அளப்பவன், இதற்கு மூன்று தடவை அளந்தான். வெள்ளைக் கயிறு இழுத்துக் கட்டி முடித்ததும் மனையில் காற்றால் ஆன ஒரு வீடு நின்றது. வேடிக்கை என்னவென்றால், மனையைக் குறுக்கே கடந்து தையல்கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் மறுநாளே சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவரும் கயிற்றைத் தாண்டவில்லை. உள்ளே விட்டுவிட்ட கொத்துக்கரண்டியை எடுக்கப் போன கொத்தனாரே, குனிந்தால் போதும் என்றிருக்க, சுற்றிப் போய் வாசல் வழியாக நுழைந்தான். அக்கா அவனைப் பார்த்து, "செருப்பைக் கழட்டிட்டுப் போடா" என்று சிரித்தாள்.

பின்தெருவில், மனைக்கு எதிர்வீட்டு மேனேஜர் சிரிக்கவில்லை. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கு இன்னும் மேனேஜர்தான். அவருடையது மூன்று மாடி. மூன்றாவது மாடியைக் கட்டியது நம் கொத்தனார்தான். இருப்பது அவரும் அவர் மனைவியும். பிள்ளைகள் வெளிநாட்டில். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் போய்க் கட்டு மாற்றுவாள்.

அன்றைக்கும் அவர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி பக்கத்தில் ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ் செடி. ஆறிப்போன காப்பியின் மிச்சத்தை வழக்கம்போல அதில் ஊற்றினார். அவள் பழைய கட்டைப் பிரிக்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கேன். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ தங்கமான பொண்ணு."

அவள் கை நின்றது. "எதுக்கு சார் ஆட்சேபம்?"

"உன் கம்பு வீடு வந்ததுலேர்ந்து ஹாலே இருட்டாயிருச்சு. வெயிலே வர மாட்டேங்குது."

"அது வெறும் கயிறு சார்."

"கயிறுன்னு நீ சொல்ற. எனக்குப் பொழுது சாய்ஞ்ச மாதிரி இருக்கு. இந்தச் செடியைப் பாரு, எப்படிப் பழுத்துப் போச்சு."

ஜன்னல் வழியே வந்த வெயில் அவருடைய புண்ணின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அவள் சீழைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புண் மேல் கோபத்தைக் காட்ட முடியுமா? பஞ்சை இன்னும் மெதுவாகத்தான் வைத்தாள். வெளியே வந்து சைக்கிளில் ஏறக்கூட மறந்து தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போனாள். ஆத்திரம் என்றால் அப்படி ஓர் ஆத்திரம்.

நகரசபைக் கூட்டத்துக்கு மேனேஜர் அந்தத் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தூக்கி வந்தது அவர் இல்லை, ஆட்டோக்காரர். தலைவரின் மேஜை மேல் பழுத்த செடி வைக்கப்பட்டது. தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரும் உறுப்பினர்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்காவது சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"செடி வாடியிருக்கிறது உண்மைதான்," என்றார் தலைவர்.

"அண்ணே, அது தினமும் சர்க்கரை போட்ட காப்பி குடிக்கிற செடி," என்றாள் நர்ஸ். "நான் என் கண்ணால பாக்குறேன்."

"செடியைப் பத்தித் தனியா பேசிக்கலாம்மா."

தையல்கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, நூலைக் கட்டி நிழல் பண்ண முடியும்னா நான் எதுக்குத் தையக்கடை வச்சிருக்கேன்? குடைக்கடை வச்சிருப்பேனே" என்றாள்.

தலைவர் மேஜையைத் தட்டினார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். இன்றைக்கு ரெண்டு வீடு என்பார்கள், இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்றார் ஒருவர். மேல்வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்கள் யாரோ எவரோ என்றார் இன்னொருவர். காரை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டவருக்கு, எங்களிடம் ஒரு சைக்கிள்தான் இருக்கிறது என்று கொத்தனார் சொன்னான். ஊரின் அழகு என்று ஒரு அம்மாள் கண் கலங்கினார். இதே ஆட்கள்தான் போன கூட்டத்தில், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நர்ஸ்கூட இல்லை, எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று குதித்தவர்கள். எங்கே போவார்கள்? படுக்க இடமில்லாமல் பஸ் ஏறிப் போனார்கள். நர்ஸ் வேண்டும், கொத்தனார் வேண்டும், ஆனால் அவர்கள் ராத்திரியானால் ஆவியாகி மறைந்துவிட வேண்டும்.

முடிவில் தலைவர் இரண்டு பக்கமும் யோசித்தார். இப்படி யோசிக்கிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இல்லைன்னு நாங்க சொல்லலம்மா. வெயில் விஷயம் தீர விசாரிச்சு அடுத்த வருஷக் கூட்டத்துல முடிவெடுப்போம். அதுவரைக்கும் கம்பு அப்படியே நிக்கட்டும். எடுத்துட்டா அப்புறம் எதை வச்சுப் பாக்குறது?"

"மாசக் கடைசிக்கு நாங்க எங்கண்ணே போறது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அது நகரசபை விஷயம் இல்லையே," என்றார் தலைவர். இவ்வளவுக்கும் குரலில் அன்புதான்.

மாசக் கடைசி வந்தது. பக்கத்து டவுனில் கொத்தனாரின் மேஸ்திரி ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். போனால் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை இல்லை, சாயங்கால வீடுகள் இல்லை, மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு குட்டி லாரியில் கட்டில், பீரோ, நாற்காலி, அடுப்பு, மகளின் புத்தகப் பெட்டி எல்லாம் ஏறின. அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தையல்கடையில் நிறுத்தினார்கள். அண்ணி அழுதாள். அந்தக் கண்ணீரைத் தாண்டி நர்ஸ் கம்பு வீட்டைப் பார்த்தாள். வெள்ளைக் கயிறு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இறக்குங்க," என்றாள்.

"என்னது?" என்றான் கொத்தனார்.

"கட்டிலை இறக்குங்க. அந்த மூலையில போடுங்க, அதுதானே படுக்கிற ரூம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தை லாரிக்காரர் பிடித்தார். கயிற்றின் அடியில் நுழைக்காமல், வாசல் வழியாகவே கொண்டுபோனார்கள். பீரோ சுவர்க்கயிற்றை ஒட்டி நின்றது. அடுப்பு சமையல்கட்டில் இறங்கியது. மகள் தன் பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட ஆரம்பித்தாள். தெருவில் கூட்டம் சேர்ந்தது. மருந்துக்கடைத் தலைவரும் கடையை விட்டு வந்து நின்று பார்த்தார்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மேனேஜருக்கு அன்று கட்டு மாற்றுகிற நாள். அவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். கயிற்றருகே வந்து நின்றார். தாண்டவில்லை. சுற்றிப் போய், வாசல் இருந்த இடத்தில் தயங்கி, அதன் வழியாக உள்ளே வந்தார்.

"என்ன சிஸ்டர் இது?"

"வாங்க சார், உக்காருங்க. கட்டு மாத்தணும்ல," என்று நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

காலை நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்தாள். புதுத் துணியைச் சுற்றத் தொடங்கும்போது பெரிய துளி ஒன்று அவருடைய வழுக்கையில் விழுந்தது. அடுத்தது கட்டின் மேல். அவர் பதறிப்போய்க் காலை இழுத்தார்.

"மழை வருது சிஸ்டர். புண்ணு நனையும். சீக்கிரம் உள்ள போயிடலாம்."

அவள் காலை விடவில்லை.

"உள்ளதான் சார் இருக்கோம். உங்க வெயிலை மறைச்ச கூரை இது. மழையை மட்டும் விட்டுருமா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். கயிற்றுக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் கட்டைக் கடைசிச் சுற்று வரை சுற்றி முடித்து முடிச்சுப் போட்டாள்.