இன்ஸ்பெக்டரின் சொந்த முடி

கண்ணாடிக் கடைக்குள் நடிகர் நுழைந்தபோது, இன்ஸ்பெக்டர் ஒரு அம்மாளின் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டார். அந்த அம்மாள், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். "அவசரமே இல்லம்மா, நிதானமா சொல்லுங்க." இதே கேள்வியை ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறவர் அவர். குரல் ஏறாது, இறங்காது. அவர் எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் இன்ஸ்பெக்டர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வழிப்பறிக்காரன் ஒருவனைக் கண்டால் தெருவிலேயே முதலில் ஓடுகிறவர் அவராகத்தான் இருப்பார். ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாகத் தெருவுக்கே அவர் இன்ஸ்பெக்டர்தான். ஒரு நாடகத்தில் அந்த வேஷம் போட்டு ஷீல்டு வாங்கியவர். அதற்குப் பிறகு ஒரு நாடகத்தில்கூட நடிக்கவில்லை. "உச்சத்துல இருக்கும்போதே விட்டுட்டாருப்பா. அந்த மனசு யாருக்கு வரும்!" என்பார்கள்.

நடிகரைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வில்லை நழுவித் தட்டில் விழுந்தது. பின்னால் ஸ்டூலில் சாப்பாட்டுக் கேரியரோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான் எழுந்து வரவேற்றாள். "வாங்கண்ணே! எத்தன வருஷமாச்சு! இந்தப் பக்கமே வரமாட்டேங்கறீங்க."

"வேலை இருந்தாத்தானேம்மா வர முடியும். இப்ப வேலையோடதான் வந்திருக்கேன்." நடிகருக்கு அறுபது வயது. முடி முழுக்க வெளுத்திருந்தாலும் நிமிர்ந்த முதுகு அப்படியே இருந்தது. அவர் மனைவியிடம்தான் பேசினார், இன்ஸ்பெக்டரைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பழைய நாடகத்த மறுபடி போடறேன். அந்தத் துரோகி வேஷம் இப்ப எனக்கு. செத்துப்போற கூட்டாளிக்கு ஒரு தம்பி கெடச்சுட்டான். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஆளே தேடல. ஷீல்டு வாங்கின ஆளு இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எதுக்குத் தேடணும்?"

"இதெல்லாம் கேக்கணுமாண்ணே? வருவாரு" என்றாள் மனைவி. முகமெல்லாம் பூரிப்பு. "நானும் கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், ஒரு தடவையாவது மேடையில பாக்கணும்னு. கடை இருக்கு, லீவு இல்லன்னு தட்டிக் கழிச்சுட்டே இருக்காரு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? இன்ஸ்பெக்டர் வில்லையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். நடிகர் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்துச் சிரித்தார். "திங்கக்கெழம ஒத்திகை. ஸ்கூல் ஹால்ல. வந்துடு."

விஷயம் இதுதான். அந்த நாடகத்தில் மரக்கடை வைத்திருக்கும் இரண்டு கூட்டாளிகள். ஒருவன் இன்னொருவனை ஏமாற்றிச் சொத்தைச் சுருட்டுகிறான். கேட்க வந்தவனைக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். இரண்டாம் பாதியில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டே கொலைகாரனை உருக்கிவிடுகிறார். மூன்றே பேர். இன்ஸ்பெக்டராக நடிக்க இருந்தவன் போட்டிக்கு நான்கு நாள் முன்னால் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். மேடையில் மூன்று நடிகர்களாவது இருக்க வேண்டும், ஒருவர் இரண்டு வேஷம் போடக் கூடாது என்பது போட்டி விதி. எழுதி இயக்கிய பெரியவர் இரவெல்லாம் யோசித்துவிட்டு, முதல் பாதியில் செத்துப்போகும் கூட்டாளியாக நடித்த நம் நடிகரையே விக், மீசை, கண்ணாடி சகிதம் இரண்டாம் பாதியில் இன்ஸ்பெக்டராக அனுப்பினார். நோட்டீஸில் போட ஒரு பெயரும் படமும் வேண்டுமே? திரைக்கயிறு இழுத்துக்கொண்டிருந்த இருபத்தாறு வயதுப் பையனைக் கூப்பிட்டார். "உன் மூஞ்சிய யாரும் பாத்ததில்ல. போட்டோவுல மட்டும் இரு. பொண்டாட்டி வந்தாக்கூட அவகிட்ட மூச்சு விடக் கூடாது." இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கான கண்ணாடிகூட அந்தப் பையன் தன் கடையிலிருந்து கொண்டுவந்ததுதான். வெறும் கண்ணாடி, பவர் கிடையாது.

நடிகர் அன்று செய்ததை அவன் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான். அப்படி ஒரு நடிப்பை அதற்குப் பிறகு அவன் எங்கேயும் பார்த்ததில்லை. குரல் வேறு, நடை வேறு, தோள்கூட வேறு. நாடகம் முடிந்தது. திரை இறங்கியது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வழக்கமாகத் திரையைத் திரும்பத் தூக்கி எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட வேண்டும். வரிசையில் நிற்க இருந்தது இரண்டே பேர். "தூக்கிடாதே!" என்று பெரியவர் பல்லைக் கடித்தார். அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒட்டு மீசையோடு நடிகர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

வினை அதோடு விட்டதா? சிறந்த நடிகர் ஷீல்டு அந்த இன்ஸ்பெக்டருக்கே வந்து சேர்ந்தது. "நீதான் போய் வாங்கணும். இல்லன்னா எல்லாரும் மாட்டுவோம்" என்றார் பெரியவர். போய் வாங்கினான். முதல் வரிசையில் நடிகர் கைதட்டினார். மூன்றாவது வரிசையில் இன்னொருவரும் கைதட்டினார். அவர் தங்கைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர். "நடிப்புன்னா அது நடிப்பு மாப்ள!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிய அந்தக் கைதான் அடுத்த தை மாதமே பெண்ணையும் கொடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் மறைத்திருக்கிறாரே இந்த மனிதர்.

ஒத்திகையில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆடத் தெரியாதவளுக்கு மேடையாவது கோணலாக இருந்தது. இவருக்கு அதைச் சொல்லவும் வழியில்லை, ஸ்கூல் ஹால் பலகை போட்ட மாதிரி நேராக இருந்தது. வசனம் வந்தால் கை தொங்கியது, கை எழுந்தால் வசனம் போயிற்று. நடிகர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். அதுதான் இவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நான்காம் நாள் நடிகர் புதிதாக ஒரு பக்கம் நீட்டினார். பெரியவரின் கையெழுத்து, தாள் பழுத்திருந்தது. கடைசிக் காட்சி. இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்விகளெல்லாம் செத்தவனுக்கு மட்டுமே தெரிந்தவை என்று கொலைகாரனுக்குப் பயம் வந்துவிடுகிறது. 'நீ அவன்தானே!' என்று இன்ஸ்பெக்டரின் முடியைப் பிடித்து இழுக்கிறான். முடி வரவில்லை. சொந்த முடி. செத்தவன் நிஜமாகவே செத்துவிட்டான் என்பது உறைக்க, அதோடு அவன் உடைந்துபோகிறான்.

"இது அன்னிக்கு இல்லியே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்படி இருக்கும்? இழுத்தா விக் கையோட வந்திருக்கும். பெரியவர் வெட்டிட்டாரு. நாடகத்துலயே நல்ல சீன் அது." நடிகர் அவர் தலையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், குழந்தையைத் தடவுகிற மாதிரி. "உனக்கு முடி கொட்டாம இருக்கே, பரவால்ல."

வெளியே சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டே இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டார். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். பழி வாங்கறீங்களா?"

"ஆமா" என்றார் நடிகர். "வேறென்னன்னு நெனச்ச? என் வாழ்க்கையில நான் ஒழுங்கா பண்ணது அந்த ஒரே ஒரு வேஷம். அத இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன்கிட்ட நான் சொல்ல முடியல. சொன்னாலும் பொறாமைம்பான். உனக்கு நடிக்க வராதுன்னு உன் வீட்டம்மா முன்னாடி ஊரே பாக்கணும். அவ்வளவுதான்." கோபமே இல்லாமல், ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். "வேணாம்னா நீ நின்னுக்கலாம். ஏன் நிக்கறேன்னு வீட்டுல சொல்லிட்டு நின்னுக்கோ."

அன்று சாயங்காலமே சொன்னார். சாவு பயத்தோடுதான் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல மடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எவனோ ஒருத்தன் ஷீல்டைத்தான் நான் தொடச்சுட்டு இருந்தேனா?"

"பெரியவர் சத்தியம் வாங்கிட்டாரு..."

"சத்தியம் அவர்கிட்ட. குடும்பம் என்கிட்ட." மடித்த துணிகளைத் தள்ளி வைத்தாள். "எங்கண்ணன் சாகற வரைக்கும் 'நம்ம மாப்ள மாதிரி வருமா'ன்னாரு. நீங்க பக்கத்துல உக்காந்து தலையாட்டினீங்க. நீங்க நடிகரா இல்லாட்டிப் போங்க, அதுவா எனக்குக் கவலை? அந்தத் தலையாட்டல்தாங்க எனக்குத் தாங்கல."

"நாடகத்த வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

"எதுக்கு? நடிக்காம வாங்கினதுக்கு இப்பவாவது போய் நடிச்சுட்டு வாங்க." அதற்குப் பிறகு பத்து நாள் அவள் பேசவில்லை. சாப்பாடு வந்தது, காபி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் ஷீல்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. நாடகத்தன்று காலையில் மூன்றாவது வரிசை டிக்கெட் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மேடைக்கு அதே பழைய ஃபிரேம், அதே வெறும் கண்ணாடி. அவருடைய சொந்தக் கண்ணாடி மேக்கப் மேஜையில் இருந்தது. பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பத்தடிக்கு மேல் எல்லாம் மூட்டம். மூன்றாவது வரிசையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமலேதான் இரண்டாம் பாதியில் உள்ளே போனார். முதல் இரண்டு வசனம் வந்தது. மூன்றாவது வரவில்லை. காலடிக்குக் கீழே பலகை இல்லாத மாதிரி இருந்தது. எதிரே நாற்காலியில் நடிகர். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்பதுபோல அமைதியாகப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

அப்போது அவர் வாயிலிருந்து வந்தது, நாளெல்லாம் அந்த வாயில் இருப்பதுதான். "அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க. இப்ப சொன்னது தெளிவா இருக்கா, முன்னாடி சொன்னது தெளிவா இருந்துச்சா?"

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். நடிகரின் இமை ஒருமுறை துடித்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். இந்த முகம் அவருக்குத் தெரியும். எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியாமல், தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, மனப்பாடமாக எதையோ ஒப்பிக்கிற முகம். முப்பது வருஷமாக அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போன முகம். நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டார். "சரி. கிணத்துக்கிட்ட எத்தன மணிக்குப் போனீங்க? ... நல்லது. இப்ப இன்னொரு தடவ சொல்லுங்க." அதே ஏறாத இறங்காத குரல். எழுதிய கேள்விகள் ஒவ்வொன்றாகத் தானே வந்து சேர்ந்தன. கூட்டம் மூச்சு விடுவது நின்றது. நடிகரின் நெற்றியில் வேர்த்தது, அது நடிப்புக்காக வந்த வேர்வை இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

கடைசிக் காட்சியில் நடிகர் எழுந்தார். "நீ அவன்தானே! சொல்றா, நீ அவன்தானே!" ஒத்திகையில் தடவிய கை இப்போது முழு முஷ்டியாக இறங்கியது. கண்ணாடி தெறித்து எங்கேயோ விழுந்தது. அம்மாடி! உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சுரீரென்றது. "நல்லா இழுங்க. என் சொந்த முடிதான்" என்று வசனத்தைச் சொன்னார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்த இடத்தில் கை விட வேண்டும். விடவில்லை. நடிகரின் வாய் அவர் காதருகே வந்தது. கூட்டத்துக்குக் கேட்காத குரலில், "அன்னிக்கு அது நான்டா" என்றார்.

"தெரியும்ணே" என்றார் இன்ஸ்பெக்டர். "நான்தானே பக்கத்துல நின்னு பாத்தேன். அதுமாதிரி இன்னொண்ணு நான் பாக்கலண்ணே. வீட்டுலயும் சொல்லிட்டேன்."

முஷ்டி தளர்ந்தது. நடிகர் மண்டியிட்டு அழுதார். எழுதியிருந்ததைவிட நெடுநேரம் அழுதார். விரலிடுக்கில் நாலைந்து நரைமுடிகள் சிக்கியிருந்தன. திரை இறங்கியது.

வெளியே கைதட்டல் ஆரம்பித்தது. செத்துப்போன கூட்டாளியாக நடித்த இளைஞன் ஓடிவந்து வரிசையில் நின்றான். இன்ஸ்பெக்டர் நிற்கவில்லை. தலையைத் தேய்த்துக்கொண்டே நேராகப் பக்கவாட்டுக்குப் போனார். திரை இழுக்கிற அம்மாள் கயிற்றோடு நின்றிருந்தாள். "கயித்த என்கிட்ட குடுங்கம்மா. தம்பி, நீயும் இப்படி வா." நடிகர் நடு மேடையில் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார். "ஏய், நீ இங்க வாடா. வரிசையில நில்லு."

"மொதல்ல நீங்க நில்லுங்கண்ணே. அப்புறம் வர்றேன்."

இழுத்தார். கை மறக்கவில்லை. திரை மேலே போனது, சத்தம் அணை திறந்த மாதிரி உள்ளே வந்தது. தனியாக நின்ற நடிகர் ஒரு நிமிஷம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு மெல்லக் கூப்பினார். அந்தக் கூப்பிய கைக்குள்தான் இருக்கும் தன் முடி என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார். உச்சி இன்னும் எரிந்தது. திரையின் ஓரம் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். எல்லாம் மூட்டம். மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு உருவம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. கைதட்ட எழுந்ததா, கிளம்ப எழுந்ததா, தெரியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கயிறு இரண்டு கையிலும் இருந்தது. கைதட்டல் நிற்கவில்லை. அவரும் திரையை இறக்கவில்லை.